பஞ்சாப் வைக்கோலில் மயூர் விஹாருக்கு வெந்நீர் போடலாமா?

கேள்வி இதுதான். டெல்லி மயூர் விஹாரில் 240 வீடுகள் உள்ள ஒரு கூட்டுறவுக் குடியிருப்பின் செயலாளர் அம்மா கேட்கிறார்: "என் மகன் டென்மார்க்கில் ஓடன்ஸே நகரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான். வீட்டில் கீசர் கிடையாது, ஹீட்டர் கிடையாது, காஸ் கிடையாது. ஆனால் எந்த நேரத்தில் குழாயைத் திறந்தாலும் வெந்நீர் வருகிறது, அறையெல்லாம் கதகதப்பாக இருக்கிறது. ஊரோரத்தில் வைக்கோலை எரித்து ஊருக்கே சூடு அனுப்புகிறார்கள் என்கிறான். இங்கே பஞ்சாப் வைக்கோல் புகையில் தீபாவளியை ஒட்டி மூச்சு முட்டுகிறது. ஜனவரியில் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. இந்த இரண்டு கஷ்டத்தையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுத் தீர்க்க முடியாதா?"

அம்மா, உங்கள் மகன் சொன்னது உண்மை. ஆனால் மயூர் விஹாரில் வைக்கோல் அடுப்பு வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த ஏற்பாட்டில் நெருப்பு இல்லாத பாதி ஒன்று இருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்தலாம். ஏன் என்று விளக்கக் கொஞ்சம் இடம் வேண்டும். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். கொதிகலன் தொழிலில் 34 வருடம் இருந்தேன். அதில் பெரும்பகுதி கர்நால், குருக்ஷேத்திரம் பக்கத்து அரிசி ஆலைகளில் உமி அடுப்புகளுக்கு முன்னால் கழிந்தது. இப்போது டெல்லி துவாரகாவில் ஓய்வாக இருக்கிறேன். டென்மார்க்கின் வைக்கோல் நிலையங்களை இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறேன்.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரை அப்படியே மொழிபெயர்த்தால் 'மாவட்ட வெப்பம்' என்று கலெக்டர் அலுவலகத் துறை போல ஆகிவிடும். டேனிஷ் மொழிச் சொல்லுக்கு 'தூரத்துச் சூடு' என்று பொருள். அதுதான் சரியான பெயர். நானும் அப்படியே எழுதுகிறேன்.

குழாயிலிருந்து தொடங்குவோம். உங்கள் மகன் வீட்டுக் குழாயில் வரும் வெந்நீர் அந்த வைக்கோல் கொதிகலனைப் பார்த்ததே இல்லை. பலர் இங்கேதான் தவறாக நினைக்கிறார்கள். கொதிகலனில் காய்ந்த தண்ணீரே ஊரெல்லாம் ஓடி வந்து வாளியில் விழுகிறது என்று நினைக்கிறார்கள். அங்கே ஓடுவது வேறு தண்ணீர். உப்பு நீக்கி, காற்று நீக்கி, மூடிய வளையத்துக்குள் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும் தண்ணீர். அதை யாரும் குளிக்கவோ குடிக்கவோ எடுப்பதில்லை. அது சூட்டைச் சுமந்துவரும் வண்டி. வீட்டு வாசலில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

இறக்கும் இடம் ஒரு பெட்டி. உங்கள் மகனிடம் கேளுங்கள். குளியலறை அலமாரியிலோ நடையிலோ ஒரு சூட்கேஸ் அளவில் வெள்ளைப் பெட்டி இருக்கும். சில கட்டடங்களில் வீட்டுக்கு வீடு இல்லாமல் நிலவறையில் பெரிதாக ஒன்றே இருக்கும். பெட்டிக்குள் புத்தகப் பக்கங்களைப் போல மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஓர் இடுக்கில் தூரத்துச் சூட்டுத் தண்ணீர், அடுத்த இடுக்கில் மாநகராட்சிக் குளிர்நீர், அதற்கடுத்த இடுக்கில் மறுபடி சூட்டுத் தண்ணீர். தகட்டைத் தாண்டிச் சூடு போகும், தண்ணீர் போகாது. குழந்தையின் பால் புட்டியை வெந்நீர்ச் செம்பில் நிறுத்தி வைக்கிறோமே, அதே வேலைதான். மேற்பரப்பு மிகப் பெரிது என்பதால் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது.

எவ்வளவு வேகம் என்பதற்கு ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீரை 40 டிகிரி உயர்த்த 28 கிலோவாட் வேண்டும். நம் வீட்டு கீசர் 2 கிலோவாட். பதினான்கு கீசர்களின் பலம் அந்தச் சூட்கேஸ் பெட்டிக்குள் இருக்கிறது. சேமித்து வைக்காமல் அந்த நேரத்துக்கு அந்த நேரம் சூடாக்குவதால் தேங்கிய வெதுவெதுப்பான நீரில் வளரும் லெஜியோனெல்லா என்ற கிருமிக்கும் அதிகம் இடமில்லை. அதே பெட்டியிலிருந்து இன்னொரு கிளை, அறைச் சுவரோர ரேடியேட்டர்களுக்குப் போகிறது. பெட்டியில் ஒரு மீட்டர் உண்டு. எத்தனை லிட்டர் வந்தது, எத்தனை டிகிரியில் வந்தது, எத்தனை டிகிரியில் திரும்பியது என்று பார்த்துப் பெருக்கி யூனிட் கணக்காகப் பதியும். தண்ணீரை நன்றாகக் குளிரவைத்துத் திருப்பி அனுப்பும் வீட்டுக்குக் கட்டணத்தில் சலுகையும், சூட்டோடு திருப்பி அனுப்பும் வீட்டுக்குக் கூடுதல் கட்டணமும் விதிக்கும் ஊர்கள் அங்கே உண்டு. திரும்பும் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ, அவ்வளவு குறைந்த தண்ணீரைச் சுற்றினால் போதும், குழாயும் சின்னதாக இருக்கலாம்.

இதை நம் பழைய செம்பு பாய்லரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையில் ஒன்று இருந்தது. நடுவில் ஒரு குழல், அதில் தேங்காய் மட்டையும் சிரட்டையும் போட்டுக் கொளுத்துவார்கள்; குழலைச் சுற்றித் தண்ணீர். மேலே புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், பக்கத்துக் குழாயில் ஒரு செம்பு வெந்நீர் வரும். பொறியியல் கல்லூரியில் தீக்குழல் கொதிகலன் என்று பாடம் எடுத்தபோது, இதைத்தான் ஆறு வயதில் ஊதி ஊதிக் கண் எரிந்தேனே என்று தோன்றியது. மட்டை, விறகு, வைக்கோல் போன்ற உயிர்ப்பொருளை எரித்து வெந்நீர் என்பது நமக்குப் புதிதே அல்ல. அடுப்பைக் கொல்லையிலிருந்து ஊரோரத்துக்குத் தள்ளி வைத்து, புகையை ஒரே இடத்தில் பிடித்துச் சுத்தம் செய்து, சூட்டை மட்டும் குழாயில் அனுப்பியதுதான் டேனியர்கள் செய்தது.

அந்தக் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணமெல்லாம் அங்கேதான் புதைந்திருக்கிறது. உள்ளே எஃகுக் குழாய், அதைச் சுற்றிக் கெட்டியான பாலியூரித்தேன் நுரை, அதற்கு மேல் கறுப்பு பாலித்தீன் உறை. போவதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று. நுரைக்குள் இரண்டு செப்புக் கம்பிகள் ஓடும். எங்காவது ஈரம் கசிந்தால் எந்த மீட்டரில் கசிகிறது என்று கட்டுப்பாட்டு அறையில் தெரிந்துவிடும். தண்ணீர் பொதுவாக 70, 80 டிகிரியில் போய் 40 டிகிரியை ஒட்டித் திரும்புகிறது. இவ்வளவு செய்தும் வருடக் கணக்கில் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான சூடு மண்ணுக்குத்தான் போகிறது. இந்த இழப்பு வீடுகள் சூட்டைப் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டெல்லிக் கணக்கில் மறுபடி வரும்.

டென்மார்க் இந்தக் குழாய்களை வைக்கோலுக்காகப் போடவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடியில் அந்த நாடு பெரிய அடி வாங்கியது. 1979-ல் வெப்ப வழங்கல் சட்டம் கொண்டுவந்து, எந்தப் பகுதிக்கு எந்தச் சூடு என்று ஊர் ஊராகத் திட்டமிட்டார்கள். இன்று அந்நாட்டு வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு தூரத்துச் சூட்டில் இருக்கின்றன. முதலில் எண்ணெய், பிறகு நிலக்கரி, எரிவாயு, குப்பை, வைக்கோல், மரச்சில்லு என்று அடுப்பு மாறிக்கொண்டே வந்தது, குழாய் அப்படியே இருந்தது. உங்கள் மகனின் ஓடன்ஸேயையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2009-ல் வைக்கோலுக்கென்றே ஓர் அலகு வந்தது. குப்பை எரிக்கும் நிலையம் தனியாக உண்டு. ஊர் எல்லையில் இருக்கும் ஃபேஸ்புக் தரவு மையத்தின் கணினிகள் கக்கும் சூட்டையும் இப்போது அதே குழாயில் சேர்க்கிறார்கள். ஸ்வீடனின் வேக்ஷோ நகரம் 1980-லேயே மரச்சில்லுக்கு மாறியது. ஸ்டாக்ஹோமில் 2016-ல் திறந்த பெரிய நிலையம் மரக்கழிவில் ஓடுகிறது. அடுப்பு என்பது எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடிய சாமான். நிலையான சொத்து குழாய்தான்.

நான் பார்த்த ஒரு கிராமத்து நிலையத்தைச் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் மாட்டுக்கொட்டகை போல இருக்கும். டிராக்டரில் வைக்கோல் கட்டுகள் வருகின்றன, ஒவ்வொன்றும் அரை டன். மேலிருந்து கிரேன் இறங்கிக் கட்டைக் கவ்வித் தூக்கும்போதே எடை போடுகிறது. நுண்ணலை பாய்ச்சி ஈரப்பதத்தையும் அளக்கிறது. ஈரம் அதிகமென்றால் கட்டை மறுபடி வண்டியிலேயே வைத்து விவசாயியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் காட்சியை அங்கே நின்றபோதே பார்த்தேன். எங்கள் ஊர் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் ஈரத்துக்கு நடக்கும் வாக்குவாதம் ஞாபகம் வந்தது. டென்மார்க்கில் வாக்குவாதம் இல்லை, விவசாயியிடமிருந்து ஓர் உறுமல் மட்டும். கட்டைப் பிய்த்து, திருகாணி போன்ற உருளை நெருப்பு எரியும் தட்டுக்குத் தள்ளுகிறது. தட்டு தண்ணீரால் குளிரூட்டப்பட்டு அவ்வப்போது அதிரும், சாம்பல் ஒட்டாமல் இருக்க. புகை துணிப்பை வடிகட்டிகள் வழியாக வெளியேறுகிறது. பக்கத்தில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு தொட்டி. வைக்கோல் நெருப்பை காஸ் அடுப்பைப் போலத் திருகிக் கூட்டிக் குறைக்க முடியாது. காலை ஆறரை மணிக்கு ஊரே குளிக்கும்போது அந்தத் தொட்டியில் இரவெல்லாம் சேர்த்த வெந்நீர் கைகொடுக்கும். நெருப்பு தன் போக்கில் ஒரே சீராக எரியும்.

அங்கே கொதிகலனை ஓட்டும் வயதானவர் ஒருவர் எனக்குச் சொன்னது, எந்தப் பாடப்புத்தகத்தையும் விட உதவியது. "மஞ்சள் வைக்கோல் வேண்டாம், சாம்பல் நிற வைக்கோல் கொண்டுவாருங்கள்" என்பாராம் விவசாயிகளிடம். அறுவடைக்குப் பின் வயலில் கிடந்து ஒன்றிரண்டு மழை வாங்கிய வைக்கோல் நிறம் மங்கிச் சாம்பலாகும். மழை, அதிலிருக்கும் பொட்டாசியத்தையும் குளோரினையும் கழுவிவிடும். பிறகு காயவைத்துக் கட்டினால் அடுப்புக்கு அதைவிடச் சாது வேறில்லை. இந்த இரண்டு பொருளும்தான் வைக்கோல் கொதிகலனின் எமன்கள். பொட்டாசியம் சாம்பலை உருகவைக்கும். குளோரின், நீராவி 500 டிகிரியைத் தாண்டும் மின் நிலையக் குழாய்களை அரிக்கும். வெந்நீர் மட்டும் போடும் கிராமத்து நிலையத்தில் குழாய்ச் சுவர் அவ்வளவு சூடாவதில்லை என்பதால் அரிப்பு குறைவு. ஆக, வைக்கோலுக்கு மின்சாரத்தைவிட வெந்நீரே இயல்பான வேலை. இந்த விஷயத்தில் உங்கள் யோசனை, அம்மா, பல அதிகாரிகளுடைய யோசனையைவிடத் தெளிவானது.

ஆனால் டேனிஷ் வைக்கோல் கோதுமை, பார்லி வைக்கோல். பஞ்சாபில் எரிவது நெல் வைக்கோல். கோதுமை வைக்கோலில் சாம்பல் நூற்றுக்கு ஐந்து பங்கு என்றால், நெல் வைக்கோலில் பதினைந்து முதல் இருபது. அந்தச் சாம்பலில் முக்கால் பங்கு சிலிக்கா, அதாவது மணல். மணலோடு பொட்டாசியத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் என்ன கிடைக்கும்? கண்ணாடி. ஆலைக்காரர்கள் இதைக் கிளிங்கர் என்பார்கள்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். கர்நால் பக்கத்தில் ஓர் ஆலையில் உமி விலை ஏறியபோது, முதலாளி உமிக் கொதிகலனில் நெல் வைக்கோலைக் கலந்து போடச் சொன்னார். உமியிலும் சிலிக்கா நிறைய உண்டு, ஆனால் பொட்டாசியம் குறைவு; அதனால் சாம்பல் பொடியாகவே உதிரும். வைக்கோலும் அப்படித்தான் இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். நான்காம் நாள் நெருப்பு மூச்சுவிடத் திணறியது. அணைத்து, ஆறவிட்டு, கதவைத் திறந்தால் தட்டு முழுவதும் பச்சையும் கருப்புமாக ஒரு பாறை. தட்டிப் பார்த்தால் பாட்டில் போலச் சத்தம். நான்கு பேர் உளியும் சுத்தியலும் வைத்து இரண்டு நாள் உடைத்தார்கள். நெல் ஊறவைத்த தொட்டிகள் அந்த இரண்டு நாளில் புளித்துப்போயின. முதலாளி என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. பஞ்சாபில் ஜல்கேரி என்ற இடத்தில் 1990-களின் தொடக்கத்திலேயே நெல் வைக்கோலுக்கென 10 மெகாவாட் மின் நிலையம் கட்டினார்கள். நம் நாட்டில் இந்த யோசனை யாருக்கும் வராமல் இல்லை.

நெல் வைக்கோலை எங்கள் ஊரில் யாரும் கொளுத்துவதில்லை, போராகப் போட்டு மாட்டுக்கு வைப்பார்கள். வடக்கே மாட்டுக்குக் கோதுமைத் தவிடும் 'பூசா' என்கிற கோதுமை வைக்கோலும்தான். நெல் வைக்கோல், அவர்கள் பேச்சில் பராலி, வேண்டாப் பண்டம். நிலத்தடி நீரைக் காக்க பஞ்சாப் 2009-ல் கொண்டுவந்த சட்டம் நடவை ஜூனுக்குத் தள்ளியது. அறுவடை அக்டோபர் கடைசிக்குப் போனது. கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரமே மிச்சம். ஏறக்குறைய 2 கோடி டன் வைக்கோல், மூன்று வாரம், ஒரு தீக்குச்சி. சிக்கல் எரிபொருள் இல்லாமை அல்ல. அந்த மூன்று வாரத்தில் அதைக் கட்டி, ஏற்றி, மழை படாமல் வருடம் முழுவதும் வைத்திருக்க ஆளும் இயந்திரமும் கொட்டகையும் இல்லாமை.

இப்போது உங்கள் குடியிருப்புக்கு வருவோம். டெல்லியில் ஜனவரியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 14 டிகிரி என்று வையுங்கள். நம்மவர்கள் தொட்டியில் படுத்துக் குளிப்பதில்லை; வாளியும் குவளையும்தான். பாத்திரம், முகம் கழுவ எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 40 டிகிரியில் 120 லிட்டர் தாராளம். அதற்கு நாளொன்றுக்கு 3.6 யூனிட் சூடு. 240 வீட்டுக்குச் சுமார் 870 யூனிட். கட்டடக் குழாய்களில் ஆறும் சூட்டுக்கு ஒரு 180 சேர்த்தால் 1,050.

இதை வைக்கோல் பெல்லட்டில், அதாவது வைக்கோலைப் பொடித்து அழுத்திச் செய்த சிறு உருளைகளில், போட்டால், கொதிகலன் இழப்பு போகக் கிலோவுக்கு 3.3 யூனிட் கைக்கு வரும். நாளைக்கு 320 கிலோ. இரண்டு நாளைக்கு ஒரு சின்ன டெம்போ. கொதிகலன் 200 கிலோவாட் இருந்தால் ஐந்தரை மணி நேரம் எரித்தாலே போதும், 20,000 லிட்டர் தொட்டி ஒன்று நாள் முழுவதற்குமான சூட்டைப் பிடித்துவைக்கும். ஒரு சாதாரணக் கல்யாண மண்டபச் சமையற்கட்டைவிடப் பெரிய இடம் தேவைப்படாது. தினமும் 50 கிலோ சாம்பல் அள்ள ஒருவர் வேண்டும். பொறியியலாகப் பார்த்தால் இது குழந்தை விளையாட்டு. எனக்கே ஆசையாக இருக்கிறது.

அறைகளைச் சூடாக்குவது வேறு கதை. நம் வீடுகள் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஒற்றைக் கண்ணாடி, மூடினாலும் விசிலடிக்கும் ஜன்னல். வெளியே 7, உள்ளே 20 டிகிரி வேண்டுமென்றால் ஒரு நடுத்தர வீட்டுக்கு இரண்டரைக் கிலோவாட் விடாமல் வேண்டும். 240 வீட்டுக்கு 600 கிலோவாட். கொதிகலனும் குழாயும் மூன்று மடங்கு பெருத்துவிடும், ரேடியேட்டர்களுக்குத் தனிச் செலவு. இத்தனையும் எத்தனை நாளைக்கு? டிசம்பர் கடைசி வாரம் முதல் ஜனவரி கடைசி வரை கடுங்குளிர். முன்பின் சேர்த்து 50, 60 நாள், அதுவும் இரவில். டென்மார்க்கில் வருடத்தில் ஏழெட்டு மாதம் சூடு வேண்டும். அங்கே ஒரு கொதிகலன் வருடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் மணி நேரம் உழைத்துத் தன் விலையைச் சம்பாதிக்கிறது. இங்கே ஐந்நூறு மணி நேரம் உழைத்துவிட்டு மிச்ச நாளெல்லாம் துருப்பிடிக்கும். அறைச் சூட்டை விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தில் ஜன்னல் இடுக்குகளை ரப்பர் பட்டை வைத்து அடைத்தால் பாதி ஹீட்டர் ஓடாது.

சரி, வெந்நீர் மட்டுமாவது? இங்கே மூன்று முட்டுக்கட்டைகள். டெல்லி எல்லைக்குள் எதை எரிக்கலாம் என்பதற்கு 2018 முதல் ஒரு பட்டியல் இருக்கிறது. தகனத்துக்கும் சமயச் சடங்குக்கும் விறகுக்கு அதில் இடம் உண்டு; குடியிருப்புக் கொதிகலனுக்கு இல்லை. எல்லைக்கு வெளியே, தேசியத் தலைநகர் வட்டாரத் தொழிற்சாலைகளில், 2023 ஜனவரி 1 முதல் நிலக்கரிக்குத் தடை. அங்கே வடிகட்டியோடு உயிர்ப்பொருள் எரிக்க அனுமதி உண்டு. தாத்ரி அனல்மின் நிலையம் 2017-லிருந்தே நிலக்கரியோடு பெல்லட்டைக் கலந்து எரித்துப் பார்த்து வருகிறது. பஞ்சாப் வைக்கோலுக்கு நியாயமான முகவரி அந்த இடங்கள்தான்.

இரண்டாவது, அந்தச் சட்டத்தில் நியாயம் இருக்கிறது. நல்ல துணிப்பை வடிகட்டி போட்டால் உங்கள் 320 கிலோ பெல்லட்டிலிருந்து நாளைக்கு நூறு, நூற்றைம்பது கிராம் நுண்துகள் வெளியேறும். அதே வைக்கோல் வயலில் எரிந்தால் இரண்டு மூன்று கிலோ. பெரிய லாபம்தான். ஆனால் வயல் லூதியானாவில் இருக்கிறது, உங்கள் புகைபோக்கி நான்காம் மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில். ஜனவரி இரவில் டெல்லிக்கு மேல் காற்று மூடிபோட்டு நிற்கும்போது வெளியே விட்ட கிராம் எங்கும் போகாது. வடிகட்டிப் பை கிழிந்தால் மாற்றப் பணம் யார் தருவது என்று சங்கம் மூன்று கூட்டம் போடும்; அதற்குள் குளிர்காலமே முடிந்துவிடும். நான் எங்கள் குடியிருப்பில் இரண்டு வருடம் பொருளாளராக இருந்தவன். லிஃப்ட் பராமரிப்புப் பணம் வாங்கவே கதவு கதவாக ஏறியிருக்கிறேன்.

மூன்றாவது, காசு. 2019 ஆகஸ்டு முதல் டெல்லியில் மாதம் 200 யூனிட் வரை வீட்டு மின்சாரம் இலவசம். மேலே போட்ட நாளுக்கு 3.6 யூனிட் கணக்குப்படி வெந்நீருக்கு வீட்டுக்கு மாதம் 108 யூனிட். குளிர்காலத்தில் ஏசியும் மின்விசிறியும் ஓடாது. ஆக, பல வீடுகளுக்குக் கீசர் வெந்நீர் இப்போதே இலவசம். சங்கத்தின் பொது மீட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. இலவசத்தோடு போட்டி போட எந்தப் பெல்லட்டாலும் முடியாது. உங்கள் குடியிருப்பில் 200 யூனிட்டுக்குள் நிற்கும் வீடுகள் எத்தனை என்று முதலில் எண்ணிப்பாருங்கள். பெரும்பாலான வீடுகள் அப்படியென்றால், இந்தப் பதிலை இங்கேயே மூடிவைத்துவிடலாம்.

இந்தியாவில் இது எங்கேயுமே பொருந்தாதா என்றால், பொருந்தும். காஷ்மீரில் பல பழைய வீடுகளிலும் மசூதிகளிலும் ஹம்மாம் என்று ஓர் அறை உண்டு. தரை முழுவதும் கல் பலகை. அடியில் விறகு எரியும். அந்த நெருப்பின் மேலேயே பதித்த செப்பு அண்டாவில் வெந்நீர். ஒரே நெருப்பில் தரைச் சூடும் கைகால் கழுவ வெந்நீரும். தூரத்துச் சூட்டுக்கு நம் நாட்டில் இதைவிட நெருங்கிய உறவு கிடையாது. குளிர் நீண்டு நிற்கிற, கட்டடங்கள் நெருங்கி நிற்கிற மலையூர்களில், ஹிமாச்சலத்திலும் உத்தராகண்டிலும் காட்டுத்தீக்குத் தீனியாகும் பைன் ஊசிகளை எரித்து ஒரு மருத்துவமனைக்கும் பக்கத்து விடுதிகளுக்கும் குழாய் போட்டால் கணக்கு நிற்கும் என்றே நினைக்கிறேன். டெல்லியின் பிரச்சினை வேறு, இங்கே வருடத்தில் பாதி நாள் வேண்டியது குளிர்ச்சி. குஜராத்தின் கிஃப்ட் நகரத்தில் ஒரே நிலையத்தில் தண்ணீரைக் குளிரவைத்துக் குழாய் வழியாகக் கட்டடங்களுக்கு அனுப்புகிறார்கள். தூரத்துச் சூட்டின் தம்பி, தூரத்துக் குளிர். நம் ஊருக்கு அவன்தான் மாப்பிள்ளை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. கீசருக்கு மாதாமாதம் உண்மையிலேயே பணம் கட்டும் வீடுகள் அதிகம் இருந்தால், டேனியர்களின் அடுப்பை விட்டுவிட்டுக் குழாயையும் தொட்டியையும் தகட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்குப் பதில் மொட்டைமாடியில் ஹீட் பம்ப். ஏசியைத் திருப்பிப் போட்டது போன்ற இயந்திரம் அது. வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சித் தண்ணீரில் சேர்க்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் சூடு வரை தரும். அதை விடியற்காலையில் ஓட்டக் கூடாது. காற்று 8 டிகிரியில் இருக்கும்போது அதற்கும் கை விறைக்கும். மதியம் ஒன்றிலிருந்து நான்கு மணி வரை வெயில் ஏறி 18, 20 டிகிரி இருக்கும்போது ஓட்டித் தொட்டியை நிரப்பிவைத்தால் மறுநாள் காலைக்கு ஆகும். 1,050 யூனிட் சூட்டுக்கு மின்சாரம் 350, 400 யூனிட்டில் முடியும். வளையத்தில் 60 டிகிரிக்கு மேல் அனுப்பாதீர்கள். உங்கள் பக்கத்துத் தண்ணீரில் போர்வெல் கலப்பு உண்டென்றால் தகடுகளில் சுண்ணாம்பு படிந்து இரண்டே வருடத்தில் அடைத்துவிடும். அதற்காக 50 டிகிரிக்குக் கீழே இறக்கவும் வேண்டாம், கிருமிக்காக. நாளைக்கு இதைவிட நல்ல அடுப்பு ஏதாவது வந்தால் மொட்டைமாடியில் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று. போன ஜனவரியில் உங்கள் பக்கம் ஒரு உறவினர் வீட்டுக்கு வந்தபோது, வாசல் காவலாளி பெயிண்ட் டப்பாவில் உடைந்த பிளைவுட் துண்டுகளை எரித்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். பிளைவுட்டில் இருக்கும் பசை எரியும்போது வரும் நாற்றம் மூன்றாம் மாடி வரை வந்தது. பெரும்பாலான காலனிகளில் இப்போது நடக்கும் உயிர்ப்பொருள் வெப்பம் இது ஒன்றுதான். கதவைச் சாத்திக்கொண்டு அங்கீட்டி என்ற கரியடுப்பை வைத்துத் தூங்கி, கரிப்புகையில் உயிர்விடும் செய்தி ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. காற்று மாசு கட்டுப்பாட்டு விதிகளே காவலாளிகளுக்கு மின் ஹீட்டர் கொடுக்கச் சொல்கின்றன. ஹீட் பம்ப் விவாதம் முடிய இரண்டு குளிர்காலம் ஆகும். அந்த ஹீட்டரை இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன் பிளம்பரை அழைத்து, கழிவறைக் குழாய்கள் ஏறும் ஷாஃப்டின் உள் அகலத்தை எல்லா பிளாக்குகளிலும் அளந்து எழுதி வாங்குங்கள். இரண்டு அங்குலக் குழாய் இரண்டு, நுரைக் காப்போடு ஏற வேண்டும். ஒரு அடிக்கு ஒன்றரை அடி காலி இடம் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். பல குடியிருப்புகளில் அந்த ஷாஃப்டை யாரோ ஒரு வீட்டுக்காரர் சுவர் எடுத்துத் துணி உலர்த்தும் இடமாக மாற்றியிருப்பார். அப்படி இருந்தால் அதையும் எந்த மாடி என்று குறித்துக்கொள்ளுங்கள்.